தோட்டத்துக்குள் இருக்கும் விஞ்ஞானம்



இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளைகளில் சிலர் விஞ்ஞானப் பாடத்தில் நல்ல புள்ளிகள் எடுத்ததற்காக வாங்குகிறார்கள். நாமும் மனம் நிறையக் கை தட்டுகிறோம். ஆனால், ‘விஞ்ஞானம்’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழும் படம் எது? வெள்ளை அங்கி அணிந்த ஒருவர், அவர் கையில் ஒரு கண்ணாடிக் குழாய், பின்னால் பட்டணத்துப் பெரிய கட்டடம். அது எங்கேயோ இருக்கிறது, நமக்கும் அதற்கும் வெகு தூரம் என்று நினைத்துக் கொள்கிறோம். “நாம மரம் வெட்டுற சனங்க, நமக்கெதுக்கு விஞ்ஞானம்?” என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் உண்டு. அதைக் காதில் வாங்கும் பிள்ளையும் அப்படியே நம்பிவிடுகிறது.

இந்த எண்ணம் சரிதானா என்று சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்போமே. இயற்கையைக் கூர்ந்து பார்த்து, கேள்வி கேட்டு, பொறுமையாகச் சோதித்து அறிந்த கதைகள் உலகில் ஆயிரம் உண்டு. அவற்றுள் மூன்று கதைகள் நம் தோட்டங்களிலேயே நடந்தவை. ஒன்று பால்மரத்தின் பட்டையில் நடந்தது. மற்றொன்று லயத்தின் பின்னால் ஓடிய ஓடையில் நடந்தது. மூன்றாவது செம்பனைப் பூவில் நடந்தது. மூன்றையும் வாசித்து முடித்தபின் நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

1. பட்டையைக் கேள்வி கேட்டவர்

பால்மரம் நம் நாட்டு மரமன்று. தென் அமெரிக்காவில் அமேசான் நதிக்கரைக் காடுகளே அதன் பிறப்பிடம். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து சுமார் 70,000 விதைகளைக் கப்பலேற்றி இலண்டனில் உள்ள கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பால்மரத்து விதை சீக்கிரம் உயிர் இழந்துவிடும் விதை. அதனால் 70,000த்தில் சுமார் 2,700 மட்டுமே முளைத்தன. நூற்றுக்கு நாலுகூடத் தேறவில்லை. கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் 9 கன்றுகள் பேராக் மாநிலத்தில் கோலகங்சாருக்குப் போயின. அன்று நட்டவற்றில் ஒரு மரம் இன்றும் கோலகங்சாரில் நிற்கிறது. பள்ளிச் சுற்றுலா போகும் பிள்ளைகள் அதைப் பார்க்கத் தவறாதீர்கள்.

கன்று வந்துவிட்டது, மரமும் வளர்ந்துவிட்டது. அப்புறம்? அப்புறம் பத்து வருஷத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அந்த மரத்தால் என்ன லாபம் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்துத் தோட்டக்காரர்கள் காப்பி போட்டார்கள், கரும்பு போட்டார்கள், மிளகும் கம்பீரும் மரவள்ளியும் போட்டார்கள். பால்மரம் ஏதோ ஓர் அலங்கார மரம்போல நின்றுகொண்டிருந்தது.

1888ஆம் ஆண்டு சிங்கப்பூர் தாவரத் தோட்டத்திற்கு இயக்குநராக ஒருவர் வந்து இறங்கினார். பெயர் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி. வயது முப்பத்திரண்டு. அதே 1888இல்தான் டன்லப் என்பவர் காற்று அடைத்த டயருக்கு உரிமை பதிந்தார். ஒருவர் டயரைச் செய்ய, இன்னொருவர் அந்த டயருக்குப் பால் கொடுக்கப்போகும் மரத்தின் அருகே வந்து நிற்கிறார். ஒருவரின் வேலை மற்றவரின் வேலையோடு வந்து சேரப்போகிறது என்று அன்று யார் கண்டது?

ரிட்லியின் கேள்வி மிக எளிமையானது. ‘மரத்தைக் கொல்லாமல் பாலை எடுப்பது எப்படி?’

பிரேசில் காட்டில் பாலெடுத்தவர்கள் சிறு கோடரியால் மரத்தை வெட்டிக் கொத்தினார்கள். கோடரி பட்டையைத் தாண்டி மரக்கட்டை வரைக்கும் இறங்கும். வெட்டிய இடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். பிறகு அந்த இடத்தில் நல்ல பால் எடுக்க முடியாது. காட்டில் மரத்துக்குப் பஞ்சமில்லை. ஒன்று கெட்டால் அடுத்ததைத் தேடிப் போகலாம். ஆனால் நட்டு வளர்க்கும் தோட்டத்துக்கு அது சரிப்படுமா?

ரிட்லி மரத்தின் முன்னால் போய் நின்றார். கோடரியை விட்டுவிட்டுக் கத்தியை எடுத்தார். பட்டையில் ஒரு சரிவுக் கோடு கீறினார். பால் வந்தது, கொஞ்ச நேரத்தில் நின்றது. அடுத்த முறை வேறு இடத்தில் புதிதாகக் கீறாமல், பழைய வெட்டின் கீழ் விளிம்பிலேயே மெல்லியதாக ஒரு சீவல் சீவினார். பால் மறுபடியும் வந்தது. அதுமட்டுமா? முதல் வெட்டைவிடப் பின்னால் சீவிய வெட்டுகளில் பால் கூடுதலாக வந்தது! காயம் பட்ட மரம் பாலைக் குறைக்கும் என்றுதானே நாம் நினைப்போம்? மரம் வேறு விதமாகப் பதில் சொன்னது.

ஒருநாள் பார்த்துவிட்டு, “ஆகா, கண்டுபிடித்துவிட்டேன்” என்று அவர் குதித்து ஓடிவிடவில்லை. விஞ்ஞானத்தின் அடையாளமே அங்கேதான் இருக்கிறது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். எந்த நேரத்தில் வெட்டினால் பால் அதிகம் என்று பார்த்தார். விடியற்காலையில்தான் அதிகம் என்று தெரிந்தது. சீவிய பட்டை திரும்ப வளர்கிறதா என்று கவனித்தார். கட்டையைத் தொடாமல் சீவினால் பட்டை மறுபடி வளர்ந்தது. மீன்முள் வடிவத்தில் கோடுகளைப் போட்டு, எல்லாப் பாலும் நடுவே ஒரே கோட்டில் இறங்கிக் கீழே வந்து சேரும்படி செய்தார். 1890களின் நடுவில் இந்த முறை உருவாகிவிட்டது. அதே காலத்தை ஒட்டி இலங்கைப் பேராதனைத் தாவரத் தோட்டத்தில் ஜான் பார்க்கின் என்பவரும் வெட்ட வெட்டப் பால் கூடும் இந்த அதிசயத்தைச் சோதித்து எழுதினார். ஒருவர் கண்டதை இன்னொருவர் வேறோர் இடத்தில் சோதித்துப் பார்ப்பது விஞ்ஞானத்தில் இருக்கும் நல்ல பழக்கம்.

முறை கிடைத்துவிட்டது. ஆனால் கேட்பார் யார்? ரிட்லி சட்டைப்பை நிறைய விதைகளோடு திரிவாராம். பார்க்கும் தோட்டக்காரர்களிடமெல்லாம், “இதை நடுங்கள், இதை நடுங்கள்” என்பாராம். ‘பைத்தியக்கார ரிட்லி’ என்றே அவருக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். கடைசியில் மலாக்காவில் டான் சே யான் என்ற சீனத் தோட்டக்காரர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் பால்மரம் நட்டார். காப்பி விலை விழுந்தது. மோட்டார் வண்டிகள் பெருகின. டயருக்குப் பால் தேவைப்பட்டது. பிறகென்ன, மலாயா முழுவதும் காடு அழிந்து நிரை நிரையாகப் பால்மரம் எழுந்தது.

2. அம்மாவின் கையில் இருக்கும் பாடம்

மாணவர்களே, இங்கே கொஞ்சம் நின்று உங்கள் அம்மா அப்பாவிடம், அல்லது பால்வெட்டு வேலை பார்த்த தாத்தா பாட்டியிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதல் கேள்வி: “ஏன் இருட்டோடு இருட்டாக எழுந்து வெட்டப் போவீங்க?” “வெயில் ஏறிட்டா பால் நின்னுரும்பா” என்பார்கள். முழுக்க முழுக்க உண்மை. இரவில் இலைகள் நீரை அதிகம் வெளியே விடுவதில்லை. அதனால் மரத்துக்குள் நீர் நிறைந்து, பால் ஓடும் நுண்குழாய்களில் அழுத்தம் விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறினால் இலை வழியே நீர் போய் அழுத்தம் இறங்கும், பாலும் குறையும்.

இரண்டாவது கேள்வி: “ஏன் கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்குது?” “கங்காணி அப்படித்தான் போடச் சொன்னாரு” என்று சிலர் சொல்வார்கள். காரணம் பட்டைக்குள் இருக்கிறது. பால் குழாய்கள் நேர்க்குத்தாக நிற்கவில்லை. மேலே போகப்போக வலப்பக்கம் சற்றே சாய்ந்து போகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் கோடு அந்தக் குழாய்களை அதிகமாக அறுக்கும். கோட்டை மாற்றிப் போட்டால் அறுபடும் குழாய்கள் குறையும். மங்கில் பாலும் குறையும்.

மூன்றாவது கேள்வி: “கட்டையில் கத்தி பட்டால் ஏன் திட்டு விழும்?” “மரத்துக்குக் காயம் ஆயிரும், பட்டை கெட்டுப்போயிரும்.” பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய ஓர் உயிர்த்தோல் இருக்கிறது. புதுப் பட்டையை உண்டாக்குவது அதுதான். பால் குழாய்கள் மிகுதியாக இருப்பதும் அதற்கு வெகு அருகில். ஆகவே கத்தி அதன் பக்கத்தில் போகவும் வேண்டும், அதைத் தொடவும் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இடம். விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில், பனியில், நூற்றுக்கணக்கான மரங்களில் ஒவ்வொரு மரத்திலும் அந்த ஒரு மில்லிமீட்டரைக் காப்பாற்றிய கைகள் உங்கள் வீட்டில் இருக்கின்றன. அடிகோல் வைத்து அளந்தால்கூட அவ்வளவு சுத்தமாக வராது.

வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பால்கோட்டை முதலில் உரித்துவிட்டுத்தான் உளியை வைப்பார்கள். பால் உறைந்து குழாய்களின் வாயை அடைத்துக்கொள்வதால்தான் ஓட்டம் நிற்கிறது. மெல்லியதாக ஒரு சீவல் எடுத்தால் அடைப்பு நீங்கி வாய் திறக்கும். ரிட்லி கண்டதும் இதைத்தான், உங்கள் பாட்டி தினமும் செய்ததும் இதைத்தான்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லாமல் போனால் சரித்திரம் முழுமையாகாது. ரிட்லியின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அந்த முறையை மலாயா முழுவதும் மரத்துக்கு மரம் செய்து காட்டியவர்களின் பெயர்கள் புத்தகத்தில் இல்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த நம் முன்னோர்கள், 1938இல் இந்திய அரசாங்கம் அந்தக் குடியேற்றத்தைத் தடை செய்யும் வரையில், கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். அவர்களுடைய கைப்பழக்கத்தின் மேல்தான் அந்தத் தொழில் நின்றது. அந்த அறிவு ஏட்டில் ஏறவில்லை என்பதற்காக அது அறிவில்லை என்று ஆகிவிடுமா?

3. ஓடையில் ஒளிந்திருந்த எமன்

காடு அழிந்து தோட்டம் எழுந்தபோது கூடவே ஓர் எமனும் வந்தான். குளிர்காய்ச்சல் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அந்த மலேரியாதான். லயத்துக்கு லயம் ஆட்கள் படுத்தார்கள். வந்த வருஷத்திலேயே மண்ணுக்குள் போனவர்கள் எத்தனையோ பேர். கெட்ட காற்றினால், சதுப்பு நில ஆவியினால் காய்ச்சல் வருகிறது என்றுதான் உலகமே நம்பிக்கொண்டிருந்தது.

இந்த நம்பிக்கையை உடைத்தவர் இந்தியாவில் பிறந்த ரொனால்ட் ராஸ் என்ற இராணுவ மருத்துவர். செகந்திராபாத்தில், வேர்த்துக் கொட்டும் வெயில் காலத்தில், கொசு கொசுவாக அறுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்துத் தேடினார். விசிறி போட்டால் கொசுக்கள் பறந்துவிடுமே என்று விசிறிக்காற்றும் இல்லாமல் உட்கார்ந்து வேலை செய்தார். ஹுசேன் கான் என்ற நோயாளி, கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி வாங்கிக்கொண்டு, தன்னைக் கொசு கடிக்க விட்டார். 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் தேதி, கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியை ராஸ் கண்டார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஹுசேன் கானின் பெயரும் அந்தக் கதையோடு நிலைத்துவிட்டது, அதுவரைக்கும் சந்தோஷம்.

அந்தக் கண்டுபிடிப்பு மலாயாவுக்கு வந்து சேர்ந்தது. 1901இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் பொறுப்பேற்றார். அதே ஆண்டில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) திறந்தது. திறந்த சில வாரங்களிலேயே காய்ச்சல் பரவி, துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற நிலைமை. வாட்சன், “கொசு எங்கே முட்டையிடுகிறது?” என்று தேடினார். நிழல் விழும் சதுப்பு நீரில்தான். காட்டை வெட்டி, வாய்க்கால் தோண்டி, நீரை வடித்தார். காய்ச்சல் இறங்கியது. எல்லோரும் வாட்சனைப் பாராட்டினார்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் சொல்ல வேண்டியதில்லை. கிள்ளானில் பலித்த வைத்தியத்தை மலைப்பாங்கான தோட்டங்களிலும் செய்தார்கள். காட்டை வெட்டினார்கள், ஓடைகளைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் கண்ணாடிபோல் ஓடியது. ஆனால் காய்ச்சல் இறங்கவில்லை, சாவும் நிற்கவில்லை. ‘நாம்தான் சுத்தம் செய்துவிட்டோமே, இது வேறு காய்ச்சலாக இருக்கும்’ என்று சாக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வாட்சன் அப்படிப் போகவில்லை. ஓடைக் கரையில் போய்க் குனிந்து, கொசுக்குஞ்சுகளைப் பிடித்து, எந்த வகை என்று பார்த்தார்.

அங்கேதான் உண்மை வெளிப்பட்டது. சமவெளியில் காய்ச்சலைப் பரப்பியது நிழலையும் தேங்கிய நீரையும் விரும்பும் கொசு. மலைப்பக்கத்தில் காய்ச்சலைப் பரப்பியதோ வேறு வகைக் கொசு. மேக்குலேட்டஸ் என்று அதற்குப் பெயர். அது வெயில் படும் தெளிந்த ஓடைநீரில்தான் முட்டையிடும். நிழலை வெட்டி, ஓடையைத் திறந்துவிட்டால் அந்தக் கொசுவுக்குப் பாய் விரித்துக் கொடுத்த மாதிரிதானே? கீழே உயிரைக் காப்பாற்றிய அதே செயல் மேலே உயிரைப் பறித்துக்கொண்டிருந்தது.

வாட்சன் முறையை மாற்றினார். மலைத்தோட்டங்களில் ஊற்றுநீரை மண்ணுக்கடியில் குழாய் பதித்து ஓடவைத்தார்கள். பிறகு ஓடைகளின் மேல் எண்ணெய் தெளிக்கும் முறையும் வந்தது. தோளில் எண்ணெய் டின்னைச் சுமந்து ஓடை ஓடையாக மருந்தடித்த ஆட்களைப் பற்றி வயதானவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

பிள்ளைகளே, இந்தக் கதையை மறக்காதீர்கள். நேற்றைக்குச் சரியாக இருந்த விடையை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் அது மனப்பாடம். விடை பலிக்கிறதா என்று ஒவ்வொரு இடத்திலும் திரும்பப் பார்ப்பது விஞ்ஞானம். பரீட்சையில் மனப்பாடம் தவறினால் ஒரு புள்ளி போகும். இங்கே போனது உயிர்.

4. செம்பனைப் பூவில் ஒரு வண்டு

மூன்றாவது கதை நம் காலத்துக்கு அருகில் வந்துவிட்டது. இதை நேரில் கண்ட அம்மாக்கள் இன்றும் இருக்கிறார்கள்.

செம்பனையின் தாய்வீடு ஆப்பிரிக்கா. 1848இல் ஜாவாவில் உள்ள போகோர் தாவரத் தோட்டத்தில் நான்கு கன்றுகள் நட்டார்கள். இந்த வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களின் கதை அந்த நான்கு கன்றுகளிலிருந்துதான் தொடங்குகிறது. 1917இல் சிலாங்கூரில் தென்னமரம் தோட்டத்தில் வியாபாரத்துக்காகச் செம்பனை நட்டார்கள். பின்னாளில் பால்மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்ததை நாமே கண்ணால் பார்த்தோம்.

ஆனால் ஒரு தொல்லை. பல தோட்டங்களில் காய் சரியாகப் பிடிப்பதில்லை. செம்பனையில் ஆண்பூங்குலை தனி, பெண்பூங்குலை தனி. ஆண்பூவின் மகரந்தம் பெண்பூவில் சேர்ந்தால்தான் காய். ‘காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுபோகிறது, இங்கே காற்று போதவில்லை’ என்று நினைத்தார்கள். அதனால் மகரந்தத்தை மாவில் கலந்து, மரத்துக்கு மரம் போய்ப் பெண்பூவின் மேல் தூவ ஆட்களை வைத்தார்கள். இந்த வேலையைச் செய்தவர்களில் பெண்கள் ஏராளம். முள்ளுக்கு நடுவே கையை விட்டு, வெயிலில் நாளெல்லாம் நடந்து, பூச்சி செய்ய வேண்டிய வேலையை அவர்கள் செய்தார்கள்.

இங்கே ஒருவர் ஒரு கேள்வி கேட்டார்: ‘ஆப்பிரிக்காவில் யாரும் மகரந்தம் தூவுவதில்லையே! அங்கே மட்டும் காய் நன்றாகப் பிடிக்கிறதே, அது எப்படி?’ இத்தனை வருஷமாக எல்லோர் கண்ணெதிரிலும் கிடந்த கேள்விதான். கேட்கத்தான் ஆள் இல்லை.

ரஹ்மான் சையது என்ற பூச்சியியல் அறிஞர் 1970களின் பிற்பகுதியில் கேமரூன் நாட்டுக்குப் போய்ப் பூவின் அருகே உட்கார்ந்து கவனித்தார். எள்ளைவிடச் சற்றுப் பெரிய கூன்வண்டுகள் ஆண்பூவில் மொய்ப்பதைக் கண்டார். செம்பனைப் பூவுக்குச் சோம்பு போன்ற வாசனை உண்டு. ஆண்பூவில் முட்டையிட்டு வாழும் வண்டு, அந்த வாசனையில் மயங்கிப் பெண்பூவுக்கும் போகிறது. உடம்பில் ஒட்டிய மகரந்தம் அங்கே உதிர்கிறது. காற்று, காற்று என்று சொன்ன வேலையைச் செய்தது இந்த வண்டு! கன்று ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, வண்டு வரவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

கண்டதும் பையில் போட்டுக் கொண்டுவந்து விட்டுவிட்டாரா? இல்லை. வேறு நாட்டுப் பூச்சி நம் நெல்லையும் தென்னையையும் தின்னத் தொடங்கினால் யார் பொறுப்பு? ஆகவே வண்டுக்குப் பலவகைப் பயிர்களைக் கொடுத்து, அவற்றில் அது வாழ்கிறதா, பெருகுகிறதா என்று சோதித்தார்கள். செம்பனையின் ஆண்பூவில் மட்டுமே அது பெருகுகிறது என்று உறுதியானது. நோய்க்கிருமி எதையும் ஏந்தி வராதபடி தனிமையில் வைத்து வளர்த்தார்கள். அதற்குப் பிறகே, 1981ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜோகூரில் குளுவாங் பகுதித் தோட்டம் ஒன்றில் வண்டுகளைப் பறக்கவிட்டார்கள். சில மாதங்களில் அவை பல்கிப் பெருகின. குலைகளில் காய் நெருக்கமாகப் பிடித்தது. கையால் மகரந்தம் தூவும் வேலை தேவையற்றுப்போனது.

அந்த வேலையை நம்பியிருந்தவர்கள் வேறு வேலைக்குப் போக வேண்டியிருந்தது என்பதும் உண்மைதான். புதிய அறிவு வரும்போது அதன் பலனும் பாரமும் எல்லோருக்கும் சமமாக வந்து சேர்வதில்லை. ஆகவேதான் நம் பிள்ளைகளும் அந்த அறிவு பிறக்கும் இடத்தில் இருக்க வேண்டும் என்கிறேன். முடிவு எடுக்கும் மேசையில் நம் ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தால், “அந்த அக்காமாருக்கு என்ன வழி?” என்று கேட்கவாவது செய்வார் அல்லவா?

5. நாம் என்ன செய்யலாம்?

மூன்று கதையையும் சேர்த்துப் பாருங்கள். ரிட்லி பட்டையைப் பார்த்தார், வாட்சன் ஓடையைப் பார்த்தார், சையது பூவைப் பார்த்தார். பட்டையும் ஓடையும் பூவும் தோட்டத்தில் நமக்குத் தெரியாத பொருள்களா? தினமும் நாம் தாண்டிப் போகிறவைதானே! மூவரும் செய்தவை நான்கு காரியங்கள். கூர்ந்து பார்த்தார்கள். ‘ஏன்?’ என்று கேட்டார்கள். சோதித்தார்கள், அதையும் ஒரு தடவையோடு விடாமல் பல தடவை சோதித்தார்கள். கண்டதைக் கண்டபடி எழுதி வைத்தார்கள். ஆர்வம் மட்டும் இருந்தால் அது மூன்று நாள் விளையாட்டாகப் போகும். ஒழுங்கு மட்டும் இருந்தால் அது செக்குமாட்டு வேலையாகப் போகும். இரண்டும் ஒருவரிடம் சேர வேண்டும்.

ரிட்லி பால்மரத்தோடு நின்றுவிடவில்லை. விதைகள் எப்படி இடம் விட்டு இடம் போகின்றன என்று வாழ்நாள் முழுக்கக் குறிப்பு எடுத்தார். எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 1930இல், அதைப் பற்றிப் பெரியதொரு நூலை வெளியிட்டார். 1956இல் காலமானபோது அவருக்கு நூறு வயது நிறைந்திருந்தது. உச்சி வெயிலில் பால்மரத்துக் காய் ‘படார்’ என்று வெடித்து, விதை தகரக்கூரையில் விழும் சத்தத்தைக் கேட்காத தோட்டத்துப் பிள்ளை உண்டா? அந்த விதையைச் சிமெண்டுத் தரையில் சூடேறத் தேய்த்து, பக்கத்துப் பையனின் தொடையில் வைத்து விளையாடாதவர் உண்டா? விளையாடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே ஒரு தரம், காய் விழுந்த மரத்திலிருந்து விதை எத்தனை அடி தூரம் பறந்து போயிருக்கிறது என்று அளந்து பாருங்கள். பத்து விதைகளுக்கு அளந்து எழுதிவிட்டால் நீங்களும் அந்த வேலையில் சேர்ந்துவிட்டீர்கள்.

மாணவர்களே, நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். வீட்டுக்குப் பின்னால் உள்ள ஒரு செடியைத் தேர்ந்தெடுங்கள். முருங்கையோ, பப்பாளியோ, மிளகாயோ, எதுவானாலும் சரி. தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். தேதி, நேரம், மழை உண்டா இல்லையா, செடியின் உயரம், புது இலை எத்தனை, வந்த பூச்சி எது என்று எழுதுங்கள். பார்க்காத நாளில் ‘பார்க்கவில்லை’ என்றே எழுதுங்கள், பார்த்ததுபோல் எழுதாதீர்கள். ஒரு மாதம் முடிந்ததும் திருப்பிப் படித்தால், செடி உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறது என்று தெரியும்.

பெற்றோர்களே, வேலை விட்டுக் களைத்து வரும்போது பிள்ளை, “ஏன்? எதுக்கு?” என்று துளைத்தால் கோபம் வருவது இயற்கைதான். ஆனாலும், “வாயை மூடிக்கிட்டுப் படிடா” என்று அடக்கிவிடாதீர்கள். விடை தெரியாவிட்டால், “தெரியலப்பா, வா சேர்ந்து பார்ப்போம்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை எந்த விஞ்ஞானப் புத்தகத்துக்கும் குறைந்ததில்லை.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. எத்தனையோ தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன. பால்மரம் இருந்த இடத்தில் வீடுகளும் சாலைகளும் வந்துவிட்டன. உளி பிடிக்கத் தெரிந்த கைகள் வருஷத்துக்கு வருஷம் குறைகின்றன. எந்த மரம் மழைக்கு முன் எப்படிப் பால் விடும், எந்தப் பட்டை எத்தனை நாளில் தேறும், இலை உதிரும் காலத்தில் பால் என்ன ஆகும் என்று உங்கள் கைக்குத் தெரியும். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். பிள்ளைகள் அதை எழுதி வைக்கட்டும். முன்னோரின் பெயர்கள்தாம் ஏட்டில் இல்லாமல் போயின. அவர்களுடைய அறிவாவது நம் பிள்ளைகளின் கையெழுத்தில் ஏறட்டும்.

இன்று பரிசு பெறும் மாணவச் செல்வங்களுக்கு என் நெஞ்சார்ந்த வாழ்த்துகள். பரிசு கிடைக்காத பிள்ளைகளுக்கும் ஒரு சொல்: மேடையில் கொடுப்பவை சில பரிசுகள்தாம். பால்மரமும் ஓடையும் செம்பனைப் பூவும் யாரிடமும் புள்ளிப்பட்டியல் கேட்பதில்லை. யார் போய் நின்று பொறுமையாகக் கேட்டாலும் அவை பதில் சொல்லும். நாளைக்குக் காலையிலேயே போய்க் கேளுங்கள்.